பாய்க்குக் கீழே தெரிந்த பாதங்கள்

திசுங்கேயின் வீட்டுப் பாயைத்தான் சிப்பாய் முதலில் உருவினான். அவள் வாசலில் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் குனிந்து உள்ளே போனவன், ராத்திரி அவளும் புருஷன் கமோட்டோவும் குழந்தையும் படுத்திருந்த கோரைப்பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். குழந்தை மூத்திரம் பெய்த ஈரம் பாயின் ஓரத்தில் இன்னும் காயவில்லை. அது அவனுடைய காக்கிச் சட்டையில் ஒட்டுவதைப் பார்த்து வேறொரு நாளாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. பாய் எதற்கு என்று புரியவில்லை. துரை படுப்பதற்கு என்றால் அவருக்குக் கட்டிலே வந்திருக்கிறது. அதை ஆட்கள் தலையில் சுமந்துகொண்டு வந்ததை நேற்று ஊரே வேடிக்கை பார்த்தது.

ஊர் நடுவில், காட்டு அத்திமரத்தடியில் சிப்பாய்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகப் பிடுங்கி வந்த பாய்களைக் கம்புகளில் சேர்த்துக் கட்டி நீளமாக ஒரு தட்டி எழுப்பினார்கள். தட்டி தரையைத் தொடவில்லை. இன்னும் மேலே, இன்னும் மேலே என்று துரையே பக்கத்தில் நின்று கைகாட்டினார். வயது குறைந்த வெள்ளைக்காரத் துரை. வெயிலில் கழுத்துத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை, சவுக்கைக்கூட யாரோ சிப்பாயிடம் கொடுத்து வைத்திருந்தார். அதுதான் திசுங்கேவை இன்னும் பயமுறுத்தியது. கத்துகிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். சத்தமில்லாமல் யோசிக்கிறவனை என்ன செய்வது.

துப்பாக்கி முனையில் ஆண்களைத் தட்டிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தியபோது அவளுக்கு விஷயம் விளங்கியது. இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் முகம் தெரியாது, உடம்பு தெரியாது. பாய்களுக்குக் கீழே ஊர் ஆண்களின் கால்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அவள் கை தன்னால் பின்னால் போய், முதுகில் துணியால் கட்டியிருந்த குழந்தை தமாண்டாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அறுவடை முடிந்து, செத்துப்போன பழைய தலைவருக்காக ஊர் கூடிச் சோளக் கள் காய்ச்சிய நாளில் தொடங்கியது இந்த வினை. அன்று இடுகாட்டுத் தோப்பிலிருந்து மிருகங்கள் ஆட வந்தன. நியாவு என்று அவற்றுக்குப் பெயர். உடம்பெல்லாம் ஆற்றங்கரையின் சாம்பல் நிறச் சேறு, இடுப்பில் கந்தல், தலையில் இறகு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மரமுகம். அவை மனிதர்கள் அல்ல. செத்தவர்களோடு குடியிருந்துவிட்டு, செத்தவர்களுக்காக ஆட வருகிறவை. பெண்கள் கைதட்டிப் பாட்டெடுத்துக் கொடுப்பார்கள். மிருகம் பாய்ந்து வந்தால் அலறிக்கொண்டு சிதறி ஓடுவார்கள். இந்த மிருகத்துக்கு எந்த வீடு, எவள் பெண்டாட்டி என்று எந்தப் பெண்ணும் கேட்க மாட்டாள். கேட்பதே குற்றம், தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம். அந்தக் காலத்தில் வாய் தவறி ஒரு பெயரைச் சொன்னவளைத் தோப்புக்குக் கூட்டிப் போனார்கள், அவள் திரும்பவே இல்லை என்று சோளம் இடிக்கும்போது பெண்கள் குசுகுசுப்பதுண்டு. இப்போதும் அப்படிச் செய்வார்களா என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

அந்த ஆட்டத்தின் நடுவில்தான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் லேவி வந்து நின்றார். பக்கத்து ஊர்க்காரர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார். பெண்கள் ஓடுவதைப் பார்த்து அவருக்கு மனது பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஓடாதீங்க, இது மனுஷன்தான், நான் காட்டறேன் பாருங்க என்று சொல்லிக்கொண்டே ஒரு மிருகத்தின் முகத்தைப் பிடித்து இழுத்தார். மிருகம் கையிலிருந்த தடியால் ஒரே போடு போட்டது. வாத்தியாரின் தோள் எலும்பு முறிந்த சத்தம் கள்ளுப்பானை வரை கேட்டது என்பார்கள். அதற்கு முன்னாலேயே, மரமுகத்துக்கு அடியில் இருப்பது தெரிந்துவிடக் கூடாதென்று, பெண்கள் எல்லோரும் தலையைக் கவிழ்த்துவிட்டார்கள். திசுங்கேயும் கவிழ்ந்தாள். கவிழ்ந்த இடத்தில் அந்தக் கால் இருந்தது.

வலது கால். கட்டைவிரலிலிருந்து கணுக்கால் வரைக்கும் இலை போல ஒரு தழும்பு. காய்ந்து வெடித்த சேற்றுக்கு அடியிலும் அது தடித்துத் தெரிந்தது. அந்தத் தழும்பைப் போட்டவளே அவள்தான். கல்யாணமான புதிதில், கொதிக்கிற களிப் பானையை இறக்கும்போது கை நழுவி அவன் காலில் கொட்டிவிட்டாள். அவன் குதித்த குதியில் கோழிக்கூண்டு உடைந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை அந்தக் காலுக்கு எண்ணெய் தடவியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அது தன் புருஷன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாளா என்றால், அதெல்லாம் இல்லை. கல்யாணம் ஆன முதல் வருஷத்திலேயே தெரியும். எல்லாப் பெண்களுக்கும் அவரவர் மிருகம் தெரியும். தெரியாதது போல இருப்பதில் ஒரு நேர்த்தி உண்டு, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்த சாயங்காலங்களில் கமோட்டோ குளித்துவிட்டு, காட்டுக்குப் போய் விறகு வெட்டியவன் மாதிரி களைத்து வந்து உட்காருவான். இன்னிக்கு ஊருல ஏதோ சத்தமா கெடந்துச்சே, என்ன விசேஷம் என்று கேட்பான். அவள் களி கிண்டிக்கொண்டே சொல்ல ஆரம்பிப்பாள். மிருகம் எப்படிப் பாய்ந்தது, காற்றில் எப்படித் திரும்பியது, புழுதி எப்படி எழும்பியது, சித்தி எப்படி ஓடி முள்ளில் விழுந்தாள் என்று. அப்படியா, அவ்வளவு பயங்கரமாவா இருந்துச்சு என்று அவன் கண்ணை விரிப்பான். நேத்து வந்தது இதைவிட நல்லா ஆடிச்சு என்று அவள் வேண்டுமென்றே ஒரு குத்துக் குத்துவாள். அவன் முகம் விழுந்துவிடும். அவனைப் புகழ்ந்ததும் சீண்டியதும் கொஞ்சியதும் எல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளேயே நடந்தது. அவர்கள் இரண்டு பேரின் தாம்பத்தியத்தில் பாதி அந்தப் பொய்யில்தான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

வாத்தியார் அடிபட்ட அன்றும் அவன் கேட்டான். மிருகத்துமேல தப்பில்ல, அதோட முகத்த பிடிச்சு இழுத்தா அது என்ன பண்ணும் என்று மட்டும் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்பில் ஒரு சுள்ளியை ஒடித்துப் போட்டான்.

வாத்தியார் மிஷனுக்குப் போனார், மிஷன் துரையிடம் போனது, துரை இங்கே வந்துவிட்டார். நேற்று முழுக்க ஆண்களை விசாரித்துப் பார்த்தார். ஒவ்வொருவனும் அன்றைக்கு மீன் பிடிக்கப் போயிருந்தேன் என்றே சொன்னான். அத்தனை பேர் போயிருந்தால் ஆற்றில் மீனே மிஞ்சியிருக்காது. இன்று துரை பெண்கள் பக்கம் திரும்பியிருக்கிறார்.

மொழிபெயர்க்கிறவன் பெயர் வில்சன். இந்தப் பக்கத்து ஆள்தான், கால்சட்டையும் தொப்பியும் போட்டவன். துரை சொன்னதை அவன் சொன்னான். ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிடுவார்கள். பேச வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு குச்சி தருவோம், தொட்டுக் காட்டினால் போதும். முதலில் உங்கள் புருஷன் கால் எது என்று காட்ட வேண்டும். உங்களுக்குக் கால் அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. அதற்குப் பிறகு, அன்றைக்கு வாத்தியாரை அடித்த கால் எது என்று காட்ட வேண்டும்.

"யாரு காட்டிக்குடுத்தாங்கன்னு ஆம்பளைங்களுக்குத் தெரியாது. நீங்க பயப்படக்கூடாதுன்னுதான் துரை பாய கட்டியிருக்காரு" என்றான். சொல்லும்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்களைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள். திசுங்கேயின் அம்மாவுக்குத் தங்கை நாபீரி, ஊரில் எந்தப் பஞ்சாயத்திலும் கடைசி வார்த்தை பேசுகிறவள், மடியிலிருந்த வேர்க்கடலையை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது போல நகர்ந்து வந்தாள்.

"சொந்தப் புருஷன் காலே தெரியலன்னு சொல்லிருங்கடி. அதுவே தெரியாதவளுக்கு மிருகத்தோட காலு எங்க தெரியப்போவுது. முதக் கேள்வியிலயே கதவ சாத்திரணும், ரெண்டாவது கேள்விக்கு விடவே கூடாது."

எல்லோரும் கடலையை மென்றுகொண்டே தலையசைத்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒருத்தி, யாரென்று திசுங்கே திரும்பிப் பார்க்கவில்லை, மெதுவாகச் சொன்னாள். ஊர்க்காரங்க எல்லாரும் எதுக்குச் சாவணும், வந்த மருமவன் ஒருத்தன் போனா முடிஞ்சிரும்ல.

நாபீரி கடலைத் தொலியை அந்தப் பக்கம் துப்பினாள். பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் திசுங்கேயின் கடலை கையிலேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும். அவள் ஒருத்தி மட்டும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த காலை ஊரே பார்த்திருக்கிறது. இந்த ஊரில் வீடும் நிலமும் பெண்களுடையது. கட்டிக்கொண்டவன் வேறு ஊரிலிருந்து வந்து பெண்டாட்டி வீட்டில் இருக்கிறவன். கமோட்டோ ஏரிக்கரையிலிருந்து வந்தவன். அவனுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வர அண்ணன் தம்பி யாரும் இங்கே இல்லை. அவளுடைய அண்ணன் தம்பாலா அவனுக்கு நல்ல சிநேகிதன்தான். ஆனால் சிப்பாய் தம்பாலாவின் கையில் விலங்கை மாட்டினால் அந்த சிநேகம் எவ்வளவு நாளைக்கு நிற்கும். சிப்பாய்கள் முன்பு கொண்டுபோன ஆண்கள் தெற்கே சிறையில் கல் உடைக்கிறார்கள். போன வருஷம் போனவர்களில் ஒருவனுடைய போர்வை மட்டும் திரும்பி வந்தது.

முதலில் போனவள் புதுப்பெண். குச்சியைக் கையில் வாங்கி வரிசை முழுக்க நடந்துவிட்டு, எல்லாக் காலும் ஒரே மாதிரி இருக்கு என்று அழுதுவிட்டாள். அடுத்தவள் கண் சரியில்லை என்றாள். அதற்கு அடுத்தவள், நான் குனிஞ்ச தலை நிமிராம புருஷனுக்கு சோறு வைக்கறவ, அவரு காலயெல்லாம் எங்க பாத்தேன் என்றாள். குனிந்த தலைக்குக் கால்தானே முதலில் தெரியும் என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. வில்சனின் உதடு லேசாகத் துடித்தது. நாபீரி தன் முறை வந்தபோது, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போய், கொல்லனின் மகனுடைய காலைக் குச்சியால் தட்டினாள். அவன் அவளுக்குப் பேரன் வயது.

"என் புருஷன் காலு எதுன்னு தெரியல. ஆனா இது நல்லா இருக்கு. இத எனக்குக் குடுத்துருங்க."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பொத்திய சிரிப்பு வெடித்தது. பெண்கள் துணியால் வாயை அடைத்துக்கொண்டார்கள். திசுங்கேயும் சிரித்தாள். சிரித்தபோதுதான் அந்தக் காலைப் பார்த்தாள்.

வரிசையின் கடைசிப் பக்கம். மற்றக் கால்கள் எல்லாம் புழுதி படிந்த கால்கள், ஊர்க்கால்கள். அந்த ஒரு ஜோடி மட்டும் கணுக்காலுக்கு மேல்வரை சாம்பல் நிறமாக இருந்தது. ஆற்றங்கரைச் சேறு. தழும்பை வாத்தியார் பார்த்துச் சொல்லியிருப்பாரோ என்ற பயத்தில், அதை மறைக்க விடியற்காலையிலேயே போய்ப் பூசிக்கொண்டு வந்திருக்கிறான். மறைக்க வேண்டுமென்றால் அவனுக்குக் கைக்கு வருவது அந்தச் சேறுதான். இத்தனை வருஷமாக அதைப் பூசித்தானே தன்னை மறைத்துக்கொண்டிருக்கிறான். சேறு காய்ந்து தழும்பின் மேல் வெடித்திருந்தது. அந்தப் பாவி மனுஷன் மிருகத்தின் காலை அப்படியே கொண்டுவந்து வரிசையில் வைத்திருந்தான்.

துரைக்கு அது தெரியாது, தெரிய வழியில்லை. அவர் கண்ணுக்கு எல்லாமே அழுக்குக் கால்கள். ஆனால் பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த வரிசையில் நடந்து, அந்த இடம் வரும்போது மட்டும் நடை ஒரு கணம் தடுமாறி, பார்க்காமல் தாண்டிப் போனதை அவள் இப்போது கவனித்தாள். துரை கவனிக்கிறாரா என்று பார்த்தாள். அவர் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பெண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முறை வந்தது. குழந்தையை நாபீரியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முடிச்சில் கை வைத்தாள். தமாண்டா முனகிக்கொண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டது. அழ விட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதுகிலேயே இருக்கட்டும் என்று எழுந்தாள். அவளுடைய பயமெல்லாம் குழந்தை பேரில்தான். கமோட்டோவுக்கும் குழந்தைக்கும் தினமும் ஒரு விளையாட்டு. அவன் கால்களை நீட்டிக் கூப்பிட்டுவிட்டு எழுந்து நிற்பான். தமாண்டா அவன் பாதங்கள் மேல் ஏறி நின்றுகொண்டு முழங்காலைக் கட்டிக்கொள்ளும். தோணி கெளம்புது என்று சொல்லி அவன் இப்படியும் அப்படியும் ஆடி ஆடி நடப்பான். அவனுடைய ஏரிக்கரையில் தோணிகள் அப்படித்தான் ஆடுமாம். குழந்தை தாய்முகம் பார்த்தாலும் பார்க்காது, அந்தக் காலைப் பார்த்துவிட்டால் விடாது. இங்கே இறங்கி ஓடிப்போய் அந்தக் காலில் ஏறிக்கொண்டால், இந்த ஊரில் குழந்தைக்குக்கூட யார் கால் எதென்று தெரியும் என்பது துரைக்குப் புரிந்துவிடும். சாத்திய கதவு திறந்துவிடும். அப்புறம் சவுக்கு யார் கைக்கு வரும் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

குச்சியை வாங்கினாள். வரிசையின் தொடக்கத்தில் நின்று, தெரியலைங்க என்றாள். நடந்து பார்க்கச் சொன்னார்கள். நடந்தாள். குச்சியைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். தெரியலைங்க என்று மறுபடி சொன்னாள்.

துரை எழுந்து வந்தார். அவர் பார்த்தது அவளை அல்ல, அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த சின்ன முகத்தை. சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து நீட்டினார். சர்க்கரை. அவருக்கும் தம்பி தங்கை யாராவது அவர் ஊரில் இருந்திருக்கலாம்; முகம் நிஜமாகவே கனிந்திருந்தது. தமாண்டா கையை நீட்டியது. எட்டவில்லை. துள்ளியது. திசுங்கே சற்று முன் கை வைத்ததில் ஏற்கெனவே தளர்ந்திருந்த முடிச்சு நழுவி, குழந்தை அவள் இடுப்பு வழியாகச் சறுக்கித் தரையில் இறங்கிவிட்டது.

துரை குனிந்து கொடுத்த சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு அது அந்தப் பக்கம் திரும்பியது. வரிசையாகக் கால்கள். அதற்கு அது பெரிய கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். முதல் கட்டைவிரலைத் தட்டியது. விரல் மடங்கியது. சிரித்தது. அடுத்ததைத் தட்டியது. திசுங்கே ஒரு அடி எடுத்து வைத்தாள். துரை அவளைப் பார்க்காமலேயே கையை உயர்த்தினார். யாரும் அசையாதீர்கள் என்று அர்த்தம். அவர் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்கள் பொய் சொல்வார்கள், குழந்தை சொல்லாது.

அத்திமரத்தடியில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. குழந்தை தத்தித் தத்தி வரிசையோடு போனது, துரையும் பின்னாலேயே நடந்தார். தம்பாலா மாமாவின் கால் அதற்குத் தெரிந்தது; அதில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தது, பிறகு எழுந்து நடந்தது. அம்மா கூப்பிட்டால் குழந்தை திரும்பும், ஆனால் எதற்குக் கூப்பிட்டாய் என்று துரை கேட்பார். செத்துப்போனவர்களே, பழைய தலைவரே, உங்களுக்காகத்தானே அவர் ஆடினார் என்று அவள் மனதுக்குள் கும்பிட்டாள்.

குழந்தை அந்தச் சாம்பல் நிறக் கால்களுக்கு முன்னால் போய் நின்றது.

தட்டிக்குப் பின்னால் கமோட்டோவுக்கு எதுவும் தெரியாது. அவன் கால்கள் அசையவில்லை. தமாண்டா குனிந்து பார்த்தது. வாயில் கரைகிற சர்க்கரையை மெல்லுவதை நிறுத்தியது. திசுங்கே எதிர்பார்த்தது நடக்கவில்லை. அது காலில் ஏறவில்லை. பின்னால் ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி வைத்தது. பிறகு உடம்பெல்லாம் விறைக்க ஒரு அலறல். அப்படி அலறி அவள் கேட்டதே இல்லை. விழுந்து, எழுந்து, ஓடி வந்து அவள் முழங்கால்களுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சூடாக ஏதோ அவள் பாதத்தில் வழிந்தது. குழந்தை நின்ற நிலையில் மூத்திரம் பெய்திருந்தது.

"மிருகம்" என்றது அவள் துணிக்குள்ளிருந்து. "மிருகம், மிருகம்."

அன்றைக்கு ஆட்டத்தில் திசுங்கே தலையைக் கவிழ்த்தபோது குழந்தை முதுகில் தூங்குவதாக நினைத்திருந்தாள். தூங்கவில்லை. அவள் தோளுக்கு மேல் அதுவும் அதே காலைத்தான் பார்த்திருக்கிறது. அப்பாவின் காலாகப் பார்க்கவில்லை. தடியோடு பாய்ந்து, எலும்பை முறித்த மிருகத்தின் காலாகப் பார்த்திருக்கிறது.

துரையின் சிரிப்பு மறைந்தது. குழந்தை பயந்து ஓடிவந்த இடத்தை அவர் பார்த்தார். பிறகு வில்சனைப் பார்த்து ஏதோ கேட்டார். அந்தப் பாஷை திசுங்கேவுக்குத் தெரியாது. என்ன கேட்டார் என்று மட்டும் தெரியும். குழந்தை என்ன சொன்னது.

வில்சன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அவன் பார்வை குழந்தையிடமிருந்து கிளம்பி, தட்டிக்குக் கீழே, அந்தச் சேற்றுக் காலில் போய் நின்று, அங்கிருந்து அவசரமாகத் திரும்பியது. தொப்பி போடுவதற்கு முன்னால், பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால், இவனையும் ஒரு காலத்தில், மற்றப் பையன்களைப் போல மிருகமாக ஆடப் பழக்க, இடுகாட்டுத் தோப்புக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். அது அவன் முகத்தில் தெரிந்தது. இவனுக்குத் தெரியும் என்று திசுங்கேவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அவன் துரையிடம் சில வார்த்தைகள் சொன்னான். துரை புரியாமல் தன் மார்பையே விரலால் தொட்டுக் காட்டினார். நானா என்பது போல. வில்சன் சங்கடத்தோடு தலையசைத்தான். துரையின் சிவந்த கழுத்து இன்னும் சிவந்தது. பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள். தட்டிக்குப் பின்னாலும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலேயே. பையில் மிச்சமிருந்த சர்க்கரைக் கட்டியைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லி வில்சனிடம் கொடுத்துவிட்டு, துரை நாற்காலிக்குத் திரும்பினார். அன்றைக்கு அதற்குமேல் அவருக்கு மனது ஓடவில்லை. மத்தியானத்துக்குள் கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார். அடுத்த அமாவாசைக்கு மறுபடி வருவதாகவும், அதற்குள் ஊரே அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் வேறு மாதிரி விசாரிக்க வேண்டியிருக்கும் என்றும் இப்போதைய ஊர்த்தலைவரிடம் சொல்லச் சொன்னார்.

பெண்கள் தட்டியை அவிழ்த்து அவரவர் பாயைத் தேடிக்கொண்டிருந்தபோது வில்சன் திசுங்கேயின் பக்கத்தில் வந்தான். சர்க்கரையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"தொரையப் பாத்துதான் கொழந்த பயந்துச்சுன்னு சொல்லியிருக்கேன், அக்கா. வெள்ளக்காரன மிருகம்னு நெனச்சுக்கிச்சுன்னு." குரலை இன்னும் தாழ்த்தினான். "அடுத்த தடவ என்னையே அனுப்புவாங்கன்னு சொல்ல முடியாது. கொழந்தைக்குச் சொல்லி வைங்க."

"என்னன்னு சொல்லி வைக்கறது?" என்றாள் அவள்.

அவன் சர்க்கரையைப் பாயின் மேல் வைத்துவிட்டுப் போனான். இவன் காப்பாற்றினானா, இல்லை, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முடிந்து வைத்திருக்கிறானா என்று அவளுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. அன்று முழுக்கக் குழந்தையை அவள் கீழே விடவில்லை. யாராவது பக்கத்தில் வந்தாலே அதன் வாயைத்தான் முதலில் பார்த்தாள். மிருகத்தின் காலை ஒரு தடவை அடையாளம் சொன்ன வாய். நாளைக்குக் கிணற்றடியில் சொல்லும், நாளன்றைக்கு மிஷன் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லும். தெரியாதது போல இருப்பதற்கு ஒரு பெண்ணுக்கு எத்தனையோ வருஷம் பிடிக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது.

சாயங்காலம் கமோட்டோ ஆற்றில் குளித்துவிட்டு வந்தான். பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்ட நிம்மதி அவன் முகத்தில் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், கட்டின கயிறு அறுத்து ஓரம் பிய்ந்துபோயிருந்த பாயில் உட்கார்ந்தான். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். தமாண்டா அவள் முதுகோடு ஒட்டி நின்றது.

"பாய்க்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியல. கொழந்த அலறிச்சு, அப்புறம் ஒரே சிரிப்பா கேட்டுச்சு. என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அவன் உண்மையாகவே தெரியாமல் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். வழக்கமாகத் தெரிந்ததைக் கேட்பான், அவள் கதை கதையாகச் சொல்வாள். இன்று சொல்வதற்கு ஒரு கதையும் வரவில்லை. அவன் மகள் அவனைப் பார்த்துப் பயந்து மூத்திரம் போனாள் என்று எப்படிச் சொல்வது. சொன்னால் எதைப் பார்த்து என்று கேட்பான். காலைப் பார்த்து என்றால், யாருடைய கால் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

"தொரையப் பாத்துப் பயந்துட்டா. வெள்ளையா இருந்தாரில்ல" என்றாள். துடுப்பு பானைக்குள் நின்றுவிட்டது.

கமோட்டோ சிரித்தான். "அந்த ஆளப் பாத்தா நானே பயப்படறேன். இவ என்ன பண்ணுவா." கால்களைப் பாயில் நீட்டிப் பாதங்களை ஆட்டினான். "வாடி என் தங்கம். தோணி கெளம்புது. ஏறிக்கோ."

குழந்தை வரவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது. தோணி போயிரும், அப்புறம் அழக்கூடாது என்று அவன் மறுபடி கூப்பிட்டான். திசுங்கே முதுகில் குழந்தையின் நகங்கள் பதிவதை உணர்ந்தாள். நன்றாகத் தேய்த்துக் குளித்திருந்தான், கால்கள் பளபளவென்று இருந்தன. வலது காலில், தழும்பின் மடிப்புக்குள் மட்டும், கழுவிப் போகாத சாம்பல் நிறச் சேறு ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. காலை நீட்டியபடியே, விரல்களை ஆட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு காத்திருந்தான்.